ஊசி, நூல், நாலு சினேகிதிகள்: கேள்விகளும் பதில்களும்

இடுக்கி மலையில் இருக்கும் பூப்பாறையில் சனிக்கிழமை மதியம் நாங்கள் சிலர் கூடிப் பின்னுவதும் தைப்பதும் வழக்கம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள், கடைக்கார வீட்டம்மாக்கள், மலையாளத்துச் சேச்சிகள், போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மேலே வருகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. கூட்டத்தில் நான் மூத்தவள், தையல்காரி வேறு, அதனால் சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். அக்கம்பக்கத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, இப்போதுதான் பின்னல் கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது. இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்கில் தொடங்கவா, குரோஷாவில் தொடங்கவா? (தேவிகுளம்)

குரோஷாவில் தொடங்குங்கள். நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி, அதிலும் பெரும்பாலும் ஒரு கண்ணிதான், அதாவது ஒரு நூல் வளையம்தான், நிற்கும். பிள்ளை வந்து இழுத்தாலும் நாலு கண்ணி பிரியும், அவ்வளவுதான். நிட்டிங்கில் வரிசை முழுக்க ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும், ஊசி உருவிக்கொண்டால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அழுகையே வந்துவிடும்.

ஆனால் போட்டுக்கொள்ளும் துணிக்கு நிட்டிங்தான் மேல். நூல் குறைவாகப் பிடிக்கும், உடம்போடு இழைந்து விழும். வீட்டில் இருக்கும் பனியனைக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் ஆங்கில 'வி' எழுத்துபோல வரிசை வரிசையாக இருக்கும், உள்பக்கம் குட்டிக் குட்டி மேடாக இருக்கும். அந்த 'வி'தான் நிட், அந்த மேடுதான் பர்ல். திருப்பூர் மிஷின் செய்வதும் நாம் ஊசியில் செய்வதும் ஒரே வேலை. குரோஷா அப்படி இல்லை. அதை அச்சு அசலாகப் போட இன்றுவரை மிஷின் கிடையாது, கடையில் தொங்கும் குரோஷா சட்டைக்குப் பின்னால் யாரோ ஒருத்தியின் கை இருக்கிறது. அதை நானூறு ரூபாய்க்கு விற்கிறார்கள் என்றால் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. சரி, அது வேறு பேச்சு.

ஊசி நம்பரில் மட்டும் கவனமாக இருங்கள். நம் கடைகளில் 8, 10, 12 என்று கேட்டு வாங்குவது பழைய இங்கிலாந்துக் கணக்கு. நம்பர் கூடினால் ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்கக்காரர் வீடியோவில் 8 என்றால் 5 மி.மீ., அங்கே நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். வீடியோவைப் பார்த்து நம்பரைக் கேட்டு வாங்கி, "என் ஸ்வெட்டர் மட்டும் ஏன் சின்னதாக வருகிறது" என்று வந்து நிற்பவர்கள் அதிகம். மி.மீ. கணக்கைக் கேட்டே வாங்குங்கள். போனி ஊசிகள் நன்றாக இருக்கும். எங்கிருந்தோ இறக்குமதி ஆவது என்று பலர் நினைக்கிறார்கள், அது நம் நீலகிரியில் கேத்திப் பக்கம் 1949-இல் தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு.

குரோஷாவில் சதுரமாகத்தான் தொடங்குகிறேன், பத்து வரிசை போனதும் முக்கோணமாகிவிடுகிறது. (சாந்தன்பாறை, பத்தாம் வகுப்பு)

ஓரத்துக் கண்ணியைத் தின்றுவிடுகிறாய் கண்ணு. வரிசை முடிந்து திருப்பும்போது மூன்று சங்கிலி போடுகிறாய் அல்லவா, அந்தச் சங்கிலியும் ஒரு கண்ணிக்குச் சமம். அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது கடைசிக் கண்ணியை அந்தச் சங்கிலியின் உச்சியில் போட வேண்டும். அது மற்றக் கண்ணிபோல் தெரியாது, ஓரத்தில் ஒல்லியாகச் சாய்ந்து நிற்கும். அதனால் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிவிடுகிறோம். வரிசைக்கு ஒன்று போனால் பத்து வரிசையில் பத்துக் கண்ணி போச்சு.

ஒவ்வொரு வரிசையிலும் அந்தச் சங்கிலியின் உச்சியில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்தி வை. திரும்பி வரும்போது பின் கண்ணில் படும்வரை திருப்பாதே. பழகியதும் பின் தேவைப்படாது. எண்ணுவதை மட்டும் விடாதே, பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கை தவறுவதுதான் எங்கள் கூட்டத்திலேயே முதல் வியாதி.

காலையில் ஜீப்பில் மேலே வருகிறோம், சாயங்காலம் கீழே இறங்குகிறோம். அந்த நேரத்தில் பின்னலாமா? ஏலக்காய் எடுத்துக் கை சொரசொரப்பாக இருக்கிறது, நூல் மாட்டுகிறது. (போடி)

கொண்டை ஊசி வளைவில் குரோஷா ஊசி வேண்டாம் தங்கச்சி. பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஜீப்பில் டிரைவர் ஒரு பிரேக் போட்டால் பக்கத்தில் இருப்பவள் கண்ணுக்கு ஆபத்து. ஜீப்புக்குக் காத்து நிற்கும் நேரம் இருக்கிறதே, அது நமக்குப் போதும்.

கைக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கையில் போட்டு, விரல் நுனியையும் நகக்கண் ஓரத்தையும் சர்க்கரை கரையும்வரை தேய்த்துச் சோப்பில் கழுவுங்கள். காய்ப் பிசினும் போகும், சொரசொரப்பும் அடங்கும். அப்படியும் மாட்டினால் கம்பளியை விட்டுவிட்டுப் பருத்தி நூலில் பின்னுங்கள், முறுக்கு அதிகம் உள்ள நூல் கையில் சிக்காது.

அம்மாவின் பழைய சேலைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. போர்வையாகத் தைக்கலாமா? பஞ்சு வைக்க வேண்டுமா? கேரளத்துப் பெண்கள் கட்டும் கரை வைத்த செட்டு முண்டும் இரண்டு மூன்று இருக்கிறது. (மறையூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சு வேண்டாம். பழைய சேலைகளை அடுக்கித் தைத்தாலே நம் ஊர்க் குளிருக்குப் போதும். வங்காளத்தில் கந்தா, ஆந்திராவில் பொந்தா, வட கர்நாடகத்தில் கௌதி எல்லாமே இப்படிப் பழந்துணி அடுக்குதான். கணக்கும் எளிது. ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் சரியாக ஆறடி வரும், அகலம் மூன்றரை அடிக்கு மேல் இருக்கும். ஒற்றைக் கட்டிலுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். இரண்டு சேலை என்றால் ஆறு அடுக்கு. மேலே ஒட்டுப் போடும் துண்டுகளோடு ஏழு. அதற்கு மேல் போனால் ஊசி இறங்காது, துவைத்தால் காயாது.

பருத்திச் சேலையை மட்டும் எடுங்கள். பாலியெஸ்டர் வழுக்கும், தையலுக்கு நிற்காது, வியர்வையும் குடிக்காது. பல முறை துவைத்து நைந்ததுதான் உள்ளுக்கு அருமை. ஆனால் விரலால் இழுத்தால் கிழிகிற இடத்தை வெட்டி எறியுங்கள், பாசத்தில் அதை உள்ளே வைத்தால் ஆறு மாதத்தில் உள்ளேயே உருண்டு கட்டியாகிவிடும். செட்டு முண்டின் கசவுக் கரையைப் பிரித்தெடுங்கள். ஜரிகை முகத்தில் உரசும், துவைக்கத் துவைக்க இழை பிரிந்து குத்தும். கால்மாட்டில் ஓரப்பட்டியாக வைத்தால் அழகு, தலைமாட்டில் வைக்காதீர்கள்.

சாயம் போகுமா என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். கடையில் சாயம் ஏற்றி வந்த துணியில் உப்பு எதையும் பிடித்து வைக்காது. வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்து முறுக்கிப் பாருங்கள். கறை இறங்கினால் இன்னும் நாலு தடவை தனியே அலசுங்கள். அப்போதும் இறங்கினால் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அரக்குச் சிவப்பு பெரும்பாலும் இந்தச் சேட்டையைச் செய்யும்.

தைக்கும் முன் தரையில் விரித்து, நாலு மூலையும் இழுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து போட்டால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து கூடும். அப்புறம் சின்ன ஓட்டுத்தையல், வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி. தடித்த தையல் நூல், நீள ஊசி, நடுவிரலுக்கு அங்குஸ்தான், அதுதான் ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் உறை. அங்குஸ்தான் இல்லாமல் வீரம் காட்டினால் மறுநாள் பாத்திரம் கழுவும்போது தெரியும்.

இன்னொரு விதமும் உண்டு. உத்தர கன்னடக் காட்டுப் பகுதியில் சித்தி இனப் பெண்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க வம்சாவளி. அவர்கள் நமக்கு நேர் எதிர். ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே துண்டு வைத்துத் தைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூப்போல வைக்காவிட்டால் அவர்களுக்குப் போர்வை முடிந்ததாகவே ஆகாது. அளவுகோல் கிடையாது, வரைந்து வைத்த மாதிரி கிடையாது. கோடு நேராக வரவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் அந்த முறையில் தைத்துப் பாருங்கள், கவலை தானாகப் போய்விடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தனியாகத் தைக்காதீர்கள். ஆறடிப் போர்வையைச் சுற்றி நாலு பேர் உட்காரலாம், எதிரெதிரே ஊசி ஓடினால் ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடியும். அம்மாவின் சேலை என்கிறீர்கள். ஒவ்வொரு சேலையும் எந்தக் கல்யாணத்துக்குக் கட்டியது, எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று சொல்லத் தோன்றும். கேட்க ஆள் வேண்டாமா?

கல்யாணமாகி நெடுங்கண்டம் வந்து ஒரு வருடம் ஆகிறது. மலையாளம் தட்டுத்தடுமாறித்தான் வரும். நன்றாகப் பின்னுவேன். உங்களைப்போல ஒரு கூட்டம் சேர்க்க வேண்டும் என்று ஆசை, எங்கே தொடங்குவது?

வகுப்பு எடுக்கிறேன் என்று மட்டும் தொடங்காதே தங்கச்சி. டீச்சர் ஆகிவிட்டால் சினேகிதி ஆக முடியாது.

வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னுவதை விட்டுவிட்டு வாசலில், வழியில் போகிறவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார். கண்ணைப் பறிக்கும் நிறமாக எடுத்துக்கொள், மஞ்சளோ ஆரஞ்சோ. மூன்றாவது நாள் ஒரு சேச்சி நின்று கேட்பார். பதில் சொல்ல மலையாளம் வராவிட்டால் ஊசியை அவர் கையில் கொடுத்துவிடு. அதற்காகவே கையில் இரண்டாவது ஊசி எப்போதும் இருக்கட்டும், கூடவே பாதிவரை பின்னிய ஒரு எளிய துண்டும். நடுவிலிருந்து பின்னுவது சுலபம். முதல் வரிசையைப் போடச் சொன்னால் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள்.

புதிய மனிதரோடு எதிரெதிரே உட்கார்ந்து பேச எனக்கே கூச்சம்தான். கையில் வேலை இருந்தால் கண் நூலில் இருக்கும், பேச்சு அதன் பாட்டுக்கு வரும். பேசாமல் இருந்தாலும் தப்பாகத் தெரியாது. மாமியார் பேச்சு, மருந்துச் செலவு, பிள்ளை படிக்க மாட்டேன் என்கிறது என்பதெல்லாம் எங்கள் கூட்டத்தில் யாரும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னதில்லை. குனிந்த தலையோடுதான் வெளியே வரும். கேட்கிறவளும் குனிந்தே "ம்" கொட்டுவாள். எனக்கு அதைவிட நல்ல ஆறுதல் தெரியாது.

இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டால் நாளும் நேரமும் மாற்றாதே. கூட்டம் குறைந்தாலும் அதே நாள், அதே நேரம். டீயும் கடிக்க ஏதாவது ஒன்றும் போதும், முறை வைத்துப் பலகாரம் என்று போனால் போட்டி வந்துவிடும். சந்தா, சீட்டு என்று எந்தப் பணப் பேச்சும் கூடாது. நல்ல கூட்டங்கள் பின்னலால் உடைவதில்லை, சீட்டால்தான் உடைகின்றன.

மலையாளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு மாதம் போகட்டும், கண்ணி எண்ணும்போது உனக்கே மலையாளத்தில் வாயில் வரும்.

இருபத்தெட்டு வயது ஆண், ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்டாண்டில் சும்மா இருக்கும் நேரம் பின்னலாமா? சிரிப்பார்களோ? (கொழிஞ்சாம்பாறை)

சிரிப்பார்கள். குளிர்காலத்தில் நீங்கள் பின்னிய குல்லாவைப் போட்டுக்கொண்டு அதிகாலைச் சவாரிக்கு வந்து நில்லுங்கள், அப்புறம் "எனக்கு ஒன்று" என்பார்கள். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரிக்குள் தக்கீலே என்று ஒரு தீவு. அங்கே குல்லா பின்னுவது ஆண்கள் வேலை, நடந்துகொண்டே பின்னுவார்கள். தாராளமாகப் பின்னுங்கள் தம்பி. சவாரி ஏறியதும் ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அம்மா பாதி பின்னிய ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். முதுகும் முன்பக்கமும் முடிந்திருக்கிறது. பிரித்துவிடவா, நான் தொடரவா? என் பின்னல் அம்மாவுடையதுபோல் இல்லை. (குமுளி)

பிரிக்க வேண்டாம். தொடருங்கள், ஆனால் முன்னேற்பாடு வேண்டும்.

ஒவ்வொரு கைக்கும் ஒரு இறுக்கம் உண்டு. அம்மா பின்னியதில் ஒரு ஸ்கேலை வைத்து 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே ஊசியில் நீங்கள் ஒரு சதுரம் பின்னி எண்ணுங்கள். உங்களுக்குக் கண்ணி கூடுதலாக வந்தால் உங்கள் கை இறுக்கம், ஒரு சைஸ் தடித்த ஊசிக்குப் போங்கள். குறைவாக வந்தால் மெல்லிய ஊசி. கையைத் திருத்தப் பார்க்காதீர்கள், ஊசியை மாற்றுவதுதான் வழி.

நூல் பற்றாமல் போகும். அதே பிராண்டு, அதே நிற நம்பர் கிடைத்தாலும் லேபிளில் உள்ள லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்குப் போடும் நம்பர், வேறாக இருந்தால் சாயம் ஒரு இழை வித்தியாசப்படும். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, பின்னியபின் வெயிலில் பளிச்சென்று தெரியும். பழைய நூலில் இரண்டு வரிசை, புதிய நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போட்டால் கண் ஏமாறும். அதுவும் இல்லையென்றால் கைகள் இரண்டையும் முற்றிலும் வேறு நிறத்தில் பின்னிவிடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். உடம்பு அம்மா பின்னியது, கை மகள் பின்னியது என்று பார்த்தவுடன் தெரியட்டுமே, மறைக்க அதில் என்ன இருக்கிறது?

தனியாக உட்கார்ந்து தொட மனம் வராவிட்டால் ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

முதல் பேரன் பிறக்கப் போகிறான். குல்லா, காலுறை, கையுறை எல்லாம் பின்னலாம் என்றிருக்கிறேன். எந்த நூல்? (தேவாரம்)

பருத்தி நூல், அல்லது பிள்ளைகளுக்கென்று விற்கும் மென்மையான நூல். கடையில் "உல்லன்" என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. ஒரு நுனியைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்டுக் கம்பளி முடி பொசுங்கும் வாடையோடு சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கருப்பு உருண்டையாகக் கெட்டிப்படும். விறகடுப்பு எரிகிற வீட்டில் பிள்ளையை அக்ரிலிக் சுற்றி அடுப்பருகில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கையுறை, காலுறையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இழை தொங்கக் கூடாது. ஒரே ஒரு நூல் பிள்ளை விரலைச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், பிள்ளை எதற்கு அழுகிறது என்றே தெரியாது. ஓட்டை டிசைன் கையுறைக்கு வேண்டவே வேண்டாம். கழுத்தில் கட்டும் நாடா வேண்டாம், பொத்தான் வேண்டாம். தொட்டிலில் தூங்கப் போடும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள், நழுவி முகத்தில் விழலாம், உடம்புச் சூடும் ஏறிவிடும்.

சொந்தக்காரர்கள் "சும்மாதானே இருக்கிறாய், எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடு" என்கிறார்கள். எப்படி மறுப்பது? (மூணாறு)

மறுக்காதீர்கள். "நூல் வாங்கிக் கொடுங்கள், பின்னித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு அரைக் கிலோ நூல் ஆகும் என்று விலையையும் சொல்லுங்கள். பத்தில் எட்டுப் பேர் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். மீதி இரண்டு பேர் நிஜமாகவே வேண்டுகிறவர்கள், அவர்களுக்குப் பின்னலாம். விற்பதற்கென்றால் நூல் விலையோடு கூலியும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு ஸ்வெட்டருக்கு நாற்பது ஐம்பது மணி நேரம் போகும், தேயிலைக் கொளுந்து பறிக்கும் ஒரு நாள் கூலியோடு வைத்துப் பாருங்கள். நான் யாருக்கும் சும்மா பின்னுவதில்லை என்று ஊருக்கே தெரியும். கூட்டத்துப் பெண்களுக்கு மட்டும் பின்னிக் கொடுப்பேன், அவர்கள் அதைத் துவைக்கத் தெரிந்தவர்கள்.

ஸ்வெட்டரை எப்படித் துவைப்பது? மழைக்காலம் முடிந்து எடுத்தால் பூஞ்சை வாடை. (வட்டவடை)

அசல் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து பிள்ளை அளவுக்குச் சுருங்கிவிடும், திரும்ப நீளாது. குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். வாடைக்குக் காரணம் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது. பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், நடுவில் வெயில் தலைகாட்டும் நாளில் ஒருமுறை எடுத்து உதறுங்கள். பூச்சி அரிப்பது கம்பளியைத்தான், அக்ரிலிக்கைத் தொடாது.

என் பாட்டி ஒரு திண்டின் மேல் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளைத் தட்டித் தட்டி லேஸ் போடுவார். அது குரோஷாவா? (குழித்துறை)

இல்லை, அது திண்டு லேஸ். நூல் சுற்றிய குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்று மாற்றிப் போட்டுப் பின்னுவது, ஊசியே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி குடும்பத்து மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பரவியது. அப்போது அந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. முளகுமூடு கான்வென்ட் லேஸும் பேர் பெற்றது. குரோஷா லேஸுக்குப் பேர்போன இடம் ஆந்திராவில் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபுரம், 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாட்டியின் குச்சிகள் இன்னும் வீட்டில் இருந்தால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கை வேலை தெரிந்த யாராவது உங்கள் பக்கம் இருப்பார்கள், தேடிப் பிடித்துக் கற்றுக்கொள்ளுங்கள், அப்படியே எனக்கும் சொல்லுங்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் எல்லார் வேலையிலும் குற்றம் கண்டுபிடிக்கிறார். என்ன செய்வது? (பெயரோ ஊரோ வேண்டாம்)

சிக்கு எடுக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். குற்றம் பார்க்கும் கண்ணுக்கு நூல் சிக்கு நன்றாகப் பிடிபடும், வாயும் ஓயும்.

வருகிற சனிக்கிழமை முதல் தடவையாக வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்? (ராஜாக்காடு)

4 மி.மீ. குரோஷா ஊசி ஒன்று, வெளிர் நிறத்தில் ஒரு உருண்டை நூல். கருப்பு நூல் வேண்டாம், கண்ணி தெரியாது. கண்ணாடி போடுகிறவராக இருந்தால் அதையும் மறக்காதீர்கள், மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி இருட்டிவிடும். கத்தரிக்கோலும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள். என்னுடையதை யாருக்கும் தருவதில்லை.